கசிவு இல்லை

துவாஸில், பன்னிரண்டாம் எண் கூடத்தில்
பாட்டில் திறந்து மூடுவது என் உத்தியோகம்.
சிரிக்காதீர்கள். சம்பளம் வருகிறது.

தலையில் பீங்கான் குமிழ்,
குமிழுக்கு அடியில் சிவப்பு ரப்பர் வளையம்,
இரண்டு பக்கமும் கண்ணாடிக் குழியில் காலூன்றிய
எஃகுக் கம்பி.
கட்டைவிரலால் நெம்பினால் டப்.
திரும்ப அழுத்தினால் க்ளக்.
மூடி எங்கும் உருண்டு ஓடாது;
திறந்து கிடக்கும்போதும்
கழுத்தைக் கட்டிக்கொண்டே தொங்கும்.

இயந்திரம் ஆயிரம் தடவை செய்யும்.
பிறகு நான் முந்நூறு.
மனிதக் கை கோணலாக அழுத்துமாம்,
அதற்கென்று ஓர் ஆள் வேண்டுமாம்.
அந்தக் கோணல் நான்தான்.

எண்ணிக்கையை ரொஹானா குறிப்பாள்.
கம்பி களைத்து நான் பார்த்ததில்லை.
களைப்பது எப்போதும் ரப்பர்,
இருப்பதிலேயே மலிவான உறுப்பு.
படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரே கேள்வி:
கசிவு உண்டா?
இல்லை என்றால் தேர்ச்சி.

சோதித்து முடித்த ஒன்றை,
சதுர வடிவம், பார்க்க அழகு,
கைப்பையில் போட்டு பூன் லே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
அதியமான் இஞ்சி தட்டினான்,
சர்க்கரை போட்டான், எலுமிச்சை பிழிந்தான்,
ஏதோ நுரைமாவு கலந்து க்ளக் என்று மூடி
துணிதுவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தான்.
தினம் ஒரு தரம் திறந்து காற்றைப் போக்கணும் என்றான்.
யார் என்று சொல்லவில்லை.

மறுநாள்தான் தெரிந்தது,
என்னைக் கேட்காமல் தம்பிக்கு அவன் கொடுத்த
ஒன்பதாயிரம் வெள்ளி.

பதினோரு நாள் பேசவில்லை.
சாப்பாட்டு மேசையில் சாவி வைக்கும் சத்தம்,
ஃபிரிட்ஜ் கதவுச் சத்தம்,
கழிவறை விளக்கின் சத்தம்.
பாட்டில் அவள் துறை என்று அவன் நினைத்திருக்கிறான்.
இஞ்சி அவனுடையது என்று நான்.
சமையலறையில் முப்பத்திரண்டு டிகிரி,
உள்ளே சின்னச் சின்னக் குமிழிகள்
மேலே மேலே.

விடியற்காலை மூன்று பத்து.
வெடித்த வெடியில்
கீழ்வீட்டு மேடம் தியோ
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.
அறையிலிருந்து நான் ஓடிவந்தேன்,
கூடத்துச் சோபாவிலிருந்து அவன்.
தரையெல்லாம் கண்ணாடி,
மின்விசிறி இறக்கையில் எலுமிச்சைத் தோல்.
வாசம் மட்டும் பிரமாதம்.

"செருப்பைப் போட்டுட்டு வா!"

அதை முதலில் சொன்னது யார் என்பதில்
இன்றுவரை வழக்கு நடக்கிறது.

நான்கு மணிவரை பெருக்கினோம்.
இயந்திரத்துக்கு அடியில் கையை விட்டு
அவன் எதையோ எடுத்தான்.
பாட்டிலின் கழுத்து.
அதன் மேல்
பீங்கான் குமிழ், கம்பி, சிவப்பு வளையம்,
ஓர் இம்மிகூட அசையாமல்
இறுக மூடியபடி.
கீழே பாட்டில் இல்லை.

"உன் மூடி பாஸ்" என்றான்.

சிரிப்பு வந்ததா என்று நினைவில்லை.
ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே
ஒன்பதாயிரத்தைக் கேட்டேன்.
கொஞ்சம் சொன்னான்.
கொஞ்சம் கத்தினேன்.
மேடம் தியோ மறுபடி இடித்தார்.
குரலைத் தாழ்த்திக்கொண்டு
முதல் பஸ் வரும்வரை சண்டை போட்டோம்.
பணம் இன்னும் வரவில்லை.

காலையில் கூடத்தில்
இருநூற்று எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது.
முந்நூறில் ரொஹானா பேனாவை எடுத்தாள்:
"கசிவு?"
"இல்லை."
கட்டத்தில் சரி போட்டாள்.
கொஞ்சமும் கசியாததற்கு
வேறு கட்டம் ஏதும் உண்டா என்று கேட்டேன்.
தூக்கக் கலக்கம் என்று நினைத்திருப்பாள்.

கட்டைவிரல் தானாகப் போய் நெம்பியது.
டப்.

"இதையும் எண்ணவா?"

வேண்டாம் என்றேன்.
சும்மா திறந்தேன்.